ஆடிப்பெருக்குக்கு கட்டுசாதம் கட்டி ஆத்தங்கரைக்கு போறது எப்படி: முழு வழிகாட்டி

ஆடி 18 வந்தா எங்க திருச்சி பக்கம் நிறைய வீட்ல மத்தியானம் அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க, காலைல அஞ்சு மணிக்கே எல்லா சாதத்தையும் கிளறி தூக்குல அடைச்சு, பாய், சொம்பு, வாழை இலை, பூஜை கூடை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஆத்துக்கு கிளம்பிருவோம். போன வாரம் என் சித்தி பொண்ணு பெங்களூர்ல இருந்து போன் பண்ணி "அக்கா, இந்த வருஷம் நாங்க எல்லாரும் ஊருக்கு வர்றோம், கட்டுசாதம் நானே பண்றேன், எப்படினு ஒண்ணுவிடாம சொல்லு"ன்னா. ஒரு மணி நேரம் அவளுக்கு சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், இந்த வருஷம் முதல் தடவையா போறவங்களுக்கும் உதவும்.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க. கட்டுசாதம்ங்கிறது இறக்கின உடனே சாப்பிடுற சாப்பாடு இல்ல, ஏழெட்டு மணி நேரம் கழிச்சு வெயில்ல, காத்துல உக்காந்து சாப்பிடப்போற சாப்பாடு. அதனால உப்பு, புளி, எண்ணெய், பருப்பு எல்லாத்தையும் மத்தியானத்தை நினைச்சுதான் போடணும். காலைல ருசி பாக்கும்போது கரெக்டா இருந்தா மத்தியானம் சப்புன்னு இருக்கும், ஏன்னா சாதம் ஆற ஆற உப்பையும் புளிப்பையும் உள்ள இழுத்துக்கும். காலைல "கொஞ்சம் தூக்கலா இருக்கே"னு தோணணும், அதான் அளவு. எங்க அப்பாயி, அதாவது அப்பாவோட அம்மா, கைல ஒரு வாய் எடுத்து போட்டுக்கிட்டு கண்ணை மூடி நிக்கும், அப்புறம் இன்னொரு சிட்டிகை உப்பு போடும், அந்த ஒரு சிட்டிகைதான் மத்தியானத்துக்கு.

சரி, ஏன் இத்தனை வகை சாதம்? ஆடியில காவிரி அம்மன் மாசமா இருக்கானு ஒரு நம்பிக்கை. மசக்கைக்காரிக்கு புளிப்பும் காரமும் இனிப்புமா நாக்கு கேக்கும் இல்லையா, அதுக்குத்தான் சித்ரான்னம்னு புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல்னு படைக்குறது. ஸ்ரீரங்கத்துல ரங்கநாதரோட உற்சவரான நம்பெருமாளே ஆடி மாசத்துல காவிரிக்கரையில இருக்குற அம்மா மண்டபம் படித்துறைக்கு எழுந்தருளி காவிரிக்கு சீர் கொடுப்பாரு. நாம கொண்டு போற சாப்பாடும் அவளுக்கு சீர் மாதிரிதான், அவ சாப்பிட்ட பந்தியில நாமளும் உக்காந்து சாப்பிடுறோம்னு எனக்கு தோணும்.

நாளும் இடமும்

ஆடி 18 ஆகஸ்ட் 2 இல்ல 3ஆம் தேதி வரும், காலண்டர்ல பாத்துக்கோங்க. வழக்கமா ஜூன் 12 மேட்டூர் அணையை திறப்பாங்க, ஆடி பாதி வரும்போது ஆத்துல தண்ணி ஓடும், விதை விடுற நேரமும் அதான், ஆடிப்பட்டம் தேடி விதைனு சொல்றது சும்மா இல்ல. ஆனா எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது. 2017ல ஆத்துல தண்ணி இல்லாம வெறும் மணலா கிடந்துச்சு, 2020லயும் 2021லயும் கொரோனாவால படித்துறையவே அடைச்சுட்டாங்க. இன்னும் சில வருஷம் மேட்டூர் 120 அடி நிரம்பி வர்ற தண்ணியெல்லாம் அப்படியே திறந்து விடுவாங்க, அப்ப கரையில நிக்கவே பயமா இருக்கும். அதனால ரெண்டு நாள் முன்னாடியே கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பை பாத்துருங்க, எந்த படித்துறையில இறங்கலாம், எங்க இறங்கக்கூடாதுனு சொல்லிருப்பாங்க.

இடம்னு பாத்தா அம்மா மண்டபத்துல கும்பிடலாம், ஆனா உக்காந்து நிம்மதியா சாப்பிட முடியாது, அவ்வளவு கூட்டம். நாங்க விடிகாலைல அங்க பூஜையை முடிச்சுட்டு சாப்பிட முக்கொம்புக்கோ கல்லணைக்கோ போயிருவோம். முக்கொம்புல காவிரியில இருந்து கொள்ளிடம் பிரியுது, மரமும் நிழலும் இருக்கு, கல்லணையில தண்ணி சத்தத்தை கேட்டுக்கிட்டே சாப்பிடலாம். திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை துலாக்கட்டம், பவானி கூடுதுறை, பூம்புகார்னு அந்தந்த ஊர்க்காரங்களுக்கு அவங்கவங்க படித்துறை இருக்கு. நிழல் இருக்கா, பக்கத்துல கழிப்பறை இருக்கா, வயசானவங்க இறங்குற மாதிரி படி இருக்கா, இந்த மூணை மட்டும் பாருங்க. இடம் பிடிக்க ரெண்டு பேரை பாயோட முன்னாடியே அனுப்பிருங்க, பத்து மணிக்கு மேல மரத்தடி கிடைக்காது.

முதல் நாளே முடிக்க வேண்டியது

புளிக்காய்ச்சலை கண்டிப்பா முதல் நாளே பண்ணிருங்க, ஒரு ராத்திரி இருந்தாத்தான் அதுக்கு ருசியே வரும். அரை கிலோ அரிசிக்கு 80 கிராம் பழைய புளி, கறுப்பா இருக்கணும், புதுப்புளி வேண்டாம், நிறமும் வராது புளிப்பும் வேற மாதிரி இருக்கும். வெந்நீர்ல ஊறவெச்சு கெட்டியா கரைச்சுக்கோங்க. 100 மில்லி நல்லெண்ணெயை காயவெச்சு கடுகு, பத்து காய்ஞ்ச மிளகாய், கடலைப்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு புளிக்கரைசலை ஊத்தி மஞ்சத்தூள், உப்பு போட்டு சின்ன தீயில விடுங்க. அரை மணி நேரம் ஆகும், அவசரப்படாதீங்க. முதல்ல தளதளன்னு கொதிக்கும், அப்புறம் சத்தம் குறைஞ்சு குமிழி பெருசு பெருசா வெடிக்கும், அப்புறம் ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு பளபளன்னு நிக்கும், அதுதான் பதம். கடைசியா சுண்டைக்காய் அளவு வெல்லம். தனியா வெறும் சட்டியில ரெண்டு ஸ்பூன் மல்லி விதை, ஒரு ஸ்பூன் கடலைப்பருப்பு, அரை ஸ்பூன் வெந்தயம், அஞ்சு மிளகாய், ஒரு ஸ்பூன் கறுப்பு எள்ளு வறுத்து கொரகொரப்பா பொடிச்சு வெச்சுக்கோங்க, இதை காலைல சாதம் கிளறும்போதுதான் தூவணும். நிலக்கடலையையும் முதல் நாளே காய்ச்சல்ல போடாதீங்க, நமத்துப் போயிரும், காலைல தனியா வறுத்து போடுங்க.

தேங்காயை உடைச்சு மட்டும் வைங்க, துருவுறது காலைல. சாயங்காலமே ஒரு கட்டு வாழை இலை வாங்கிருங்க, மறுநாள் விலை ஏறிரும். மந்தாரை இலை கிடைச்சா விடாதீங்க, அதுல கட்டின சாதத்துக்கு தனி வாசனை. பூஜை சாமான்லாம், அதாவது மஞ்சள், குங்குமம், மஞ்சள் கயிறு, வெத்தலை பாக்கு, காதோலை கருகமணி (சின்ன ஓலைச் சுருளும் கறுப்பு மணியும்), பூ, ஒரு கூடையில போட்டு வாசல்ல வெச்சுருங்க, காலைல தேடுனா கிடைக்காது. காப்பரிசிக்கு பச்சரிசியும் பாசிப்பருப்பும் ஊறப்போட மறந்துறாதீங்க.

காலைல சமையல்

பத்து பேருக்கு மொத்தம் ஒன்றரை கிலோ அரிசி தாராளம். புளி சாதத்துக்கு அரை கிலோ, தயிர் சாதத்துக்கு அரை கிலோ, எலுமிச்சைக்கும் தேங்காய்க்கும் கால் கால் கிலோ. சர்க்கரைப் பொங்கலுக்கு தனியா ஒரு 200 கிராம். பழைய பச்சரிசியா இருந்தா நல்லது. கலந்த சாதத்துக்கு ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி, அதுக்கு மேல வேண்டாம், தயிர் சாதத்துக்கு மட்டும் ஒண்ணுக்கு மூணரை வெச்சு நல்லா குழைய விடுங்க.

வடிச்ச சாதத்தை பெரிய தாம்பாளத்துல பரப்பி உடனே ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெயை சுத்தி ஊத்திருங்க, சாதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. கரண்டிக்காம்பால மேலோட்டமா கிளறணும், கரண்டியால அழுத்துனா உடைஞ்சுரும். ஃபேனுக்கு அடியில வெச்சுட்டு அடுத்த வேலையை பாருங்க. கை வெச்சா சுடக்கூடாது, வெதுவெதுன்னு கூட வேண்டாம், நல்லா ஆறின அப்புறம்தான் காய்ச்சலை போட்டு கிளறணும்.

எலுமிச்சை சாதத்துல எல்லாரும் பண்ற தப்பு அடுப்புல இருக்கும்போதே சாறு பிழியுறது, கசந்துரும். தாளிப்பை இறக்கி அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு பிழிஞ்சு உப்பு கரைச்சு சாதத்துல கொட்டுங்க. பச்சை மிளகாயும் இஞ்சியும் தாராளமா போடுங்க, மத்தியானம் அதோட வாசனைதான் தூக்கி நிக்கும்.

தேங்காய் சாதம் கடைசியா பண்ணுங்க, ஏன்னா முதல்ல கெடுறது அதுதான். துருவலை ஈரம் போக பொன்னிறமா வறுக்கணும். ஒரு வருஷம் நான் நேரமாச்சுன்னு துருவலை லேசா பிரட்டி சுடச்சுட தூக்குல அடைச்சுட்டேன், கல்லணையில போயி மூடியை திறந்தப்ப ஒரு மாதிரி புளிச்ச வாடை, தொட்டா நூல் மாதிரி இழுத்துச்சு, அப்படியே குழி தோண்டி போட வேண்டியதாப்போச்சு. சின்னப் பசங்களுக்கு ரொம்ப பிடிச்ச சாதம் அதான், அவங்க முகம் வாடினது எனக்கு இன்னும் மறக்கல. அதுல இருந்து தேங்காய் சாதம் போன உடனே முதல்ல இலையில போட்டுருவோம், புளி சாதம் பொறுமையா இருக்கட்டும்.

தயிர் சாதம் தனிக் கலை. சாதத்தை சூடா இருக்கும்போதே மத்தால நல்லா மசிச்சு காய்ச்சி ஆறின பாலை ஊத்திக்கிட்டே வாங்க, தண்ணியா இருக்கேனு தோணுற வரைக்கும் ஊத்துங்க, மத்தியானம் இறுகிரும். நல்லா ஆறின அப்புறம் ரெண்டே ரெண்டு கரண்டி தயிர், அவ்வளவுதான். அந்த பால் வழியிலேயே உறைஞ்சு ஒரு மணிக்கு சரியான புளிப்புல இருக்கும். காலைலயே தயிரா கொட்டினா மத்தியானம் வாயில வைக்க முடியாது. இஞ்சி, பச்சை மிளகாய், கடுகு, கறிவேப்பிலை தாளிச்சு ஆறவிட்டு போடுங்க, மாதுளை முத்து இருந்தா சாப்பிடும்போது மேல தூவிக்கலாம்.

தொட்டுக்க அப்பளம் வேண்டாம், ஆத்தங்காத்துல அஞ்சு நிமிஷத்துல வதங்கிரும். மோர் மிளகாய், கூழ் வத்தல் டப்பாவுல இறுக்கி மூடி எடுத்துட்டு போலாம். உருளைக்கிழங்கு காரமா நல்லா முறுக வறுத்தது, மசால் வடை, மாவடு, பருப்புத் துவையல் இது போதும். துவையல் அரைக்கும்போது தண்ணி ரொம்ப கம்மியா விட்டு உருண்டையா கெட்டியா அரைங்க. பொரியல், கூட்டுனு ஈரமா எதுவும் வேண்டவே வேண்டாம்.

ஒரு வருஷம் யாராலயும் முடியலன்னு ஒரு ஹோட்டல்ல நாலு வகை சாதம் பார்சல் வாங்கிட்டு போனோம். நல்லாத்தான் சமைச்சிருந்தாங்க, ஆனா அது சுடச்சுட சாப்பிட பண்ணினது, ஒரு மணிக்கு திறந்தா சாதம் விறைச்சு கட்டி கட்டியா நின்னுச்சு, எண்ணெயும் பத்தல. அன்னைக்குத்தான் அப்பாயி கைப்பக்குவம் எங்க இருந்துச்சுனு எனக்கு புரிஞ்சுது, எத்தனை மணிக்கு இலை போடுவோம்ங்கிற கணக்கு அது மனசுக்குள்ளயே இருந்திருக்கு.

கட்டுறது

சாதம் சூடா இருக்கும்போது மூடினா ஆவி மூடியில பட்டு தண்ணியா சாதத்துல சொட்டும், அந்த தண்ணிதான் கெடுக்குறது. முழுசா ஆறின அப்புறம் எவர்சில்வர் தூக்குல அடியிலயும் சுத்தியும் வாட்டின வாழை இலையை வெச்சு சாதத்தை அமுக்காம போட்டு மேல இன்னொரு இலையால மூடி அப்புறம் மூடியை போடுங்க.

இலையை வாட்டுறது தெரியாதவங்களுக்காக சொல்றேன். நடு நரம்பை கத்தியால மெல்லிசா சீவி எடுத்துருங்க. கேஸ் அடுப்பை சின்னதா வெச்சு இலையோட பின்பக்கத்தை தீக்கு கொஞ்சம் மேல படாம மெதுவா நகர்த்துங்க. வெளிர் பச்சையா இருக்குற இலை சூடு பட்ட இடமெல்லாம் சட்டுனு கரும்பச்சையா மாறி எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும், அந்த நிறம் ஓடுறதை பாத்துக்கிட்டே கையை நகர்த்தணும், நின்னா பொசுங்கிரும். ஒரு பச்சை வாசனை வரும் பாருங்க, அப்ப எடுத்து துணியால துடைச்சுருங்க. இனிமே எப்படி மடிச்சாலும் கிழியாது. ஆளுக்கு ஒரு பொட்டலமா கட்டணும்னா இந்த இலையில சாதத்தை வெச்சு நாலு பக்கமும் மடிச்சு வாழை நார்ல கட்டிருங்க. அவிழ்க்கும்போது வர்ற வாசனைக்காகவே நான் வருஷா வருஷம் எனக்கு மட்டும் புளி சாதத்தை தூக்குல போடாம இலையில கட்டிக்குவேன்.

தண்ணி வீட்ல இருந்தே எடுத்துட்டு போங்க, தலைக்கு ரெண்டு லிட்டர். ஒரு கேன் மோர், உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு. கரண்டி நாலு, ஒவ்வொரு சாதத்துக்கும் ஒண்ணு. ஒரு குப்பை சாக்கு. பழைய வேட்டி ரெண்டு, பாய்க்கு மேல விரிக்கவும் வெயிலுக்கு கட்டவும். இதையெல்லாம் எங்க மாமா முதல் நாளே ஒரு பேப்பர்ல எழுதி டிக் அடிச்சு வெச்சுருவாரு, ஆனா எவ்வளவு எழுதினாலும் கரண்டிதான் மறந்து போகும், அதனால கரண்டியை தூக்கு கைப்பிடியிலேயே கட்டிருங்க.

ஆத்தங்கரையில

முதல்ல பூஜை, அப்புறம்தான் சாப்பாடு. கரையில கொஞ்சம் இடத்தை தண்ணி தெளிச்சு சுத்தம் பண்ணி மஞ்சள்ல பிள்ளையார் பிடிச்சு வைங்க. வெத்தலை பாக்கு, பழம், காப்பரிசி, காதோலை கருகமணி எல்லாம் வெச்சு விளக்கேத்தி, கொண்டு வந்த எல்லா சாதத்துலயும் ஒவ்வொரு பிடி ஒரு இலையில வெச்சு காவிரிக்கு படைங்க. காப்பரிசிங்கிறது ஊறின அரிசியும் பருப்பும் வெல்லமும் தேங்காயும் எள்ளும் கலந்தது, பசங்க பூஜை முடியுற வரைக்கும் கூட தாங்க மாட்டாங்க. பொம்பளைங்க மஞ்சள் கயிறு கட்டிக்குவாங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க தாலிக்கயிறு மாத்திக்குவாங்க, ஆம்பளைங்களும் கையில மஞ்சள் கயிறு கட்டிக்குவாங்க. முளைப்பாரி போட்டிருந்தா ஆத்துல கரைக்குறதும் அப்பத்தான். எங்க பக்கம் சின்னப் பசங்க சப்பரம் இழுத்துட்டு கரையெல்லாம் ஓடுவாங்க.

குளிக்குறது சாப்பாட்டுக்கு முன்னாடிதான், சாப்பிட்டுட்டு தண்ணில இறங்க வேண்டாம். இதுல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். ஆடி தண்ணி பாக்க அமைதியா இருக்கும், அடியில இழுக்கும், மணல் அள்ளின குழி எங்க இருக்குனு யாருக்கும் தெரியாது, முழங்கால் தண்ணில நிக்கிறோம்னு நினைச்சு அடுத்த அடி வெச்சா ஆளே மூழ்குற பள்ளம் இருக்கும். படித்துறையில கம்பியோ கயிறோ இருக்குற இடத்துல மட்டும் இறங்குங்க, பசங்களை பாக்க நீச்சல் தெரிஞ்ச ஒரு பெரியவரை அதுக்குன்னே நிறுத்துங்க, அவர் கையில போன் இருக்கக்கூடாது. போலீஸ் வேண்டாம்னு சொன்னா சொம்புல மொண்டு தலையில தெளிச்சுக்கிட்டா போதும், காவிரி கோவிச்சுக்க மாட்டா.

இப்ப சாப்பாடு. வட்டமா உக்காருங்க, வரிசையா உக்காந்தா கல்யாணப் பந்தி மாதிரி ஆயிரும், பேச்சு இருக்காது. இலையில தண்ணி தெளிச்சு முதல்ல சர்க்கரைப் பொங்கல், அப்புறம் தேங்காய், எலுமிச்சை, புளி, கடைசியா தயிர். பக்கத்துல உக்காந்திருக்குற குடும்பத்துக்கும் ஒரு இலை கொடுத்துருங்க, அவங்களும் கொடுப்பாங்க, இது எழுதப்படாத முறை. எனக்கு ஒரு தடவை அப்படி கிடைச்ச எள்ளு சாதத்தோட ருசியை தேடி இப்ப வரைக்கும் வீட்ல பண்ணிப் பாக்குறேன், வரல.

கடைசி ரவுண்டு தயிர் சாதத்தை இலையில போடாதீங்க. எங்க அப்பாயி பெரிய தூக்கை மடியில வெச்சுக்கிட்டு நடுவுல உக்காரும், நாங்க எல்லாரும் சுத்தி கையை நீட்டுவோம், அது உருண்டை பிடிச்சு ஆளுக்கு ஒண்ணு உள்ளங்கையில வைக்கும், கட்டை விரலால நடுவுல ஒரு குழி பண்ணி அதுல ஒரு சொட்டு புளிக்காய்ச்சலோ ஒரு துண்டு மாவடுவோ வெச்சு கொடுக்கும். வேணாம்னு சொன்னவன் கூட கையை எடுக்க மாட்டான். அப்பாயி போயி ஆறு வருஷமாச்சு, இப்ப அந்த இடத்துல அத்தை உக்காருறாங்க, அதே தூக்குதான். உங்க வீட்லயும் மூத்தவங்க யாராவது ஒருத்தரை நடுவுல உக்கார வைங்க, அவங்க கையால சாப்பிடுங்க.

கிளம்பும்போது

எச்சில் இலையை மட்டும் மாட்டுக்கு போடலாம், மிச்சமெல்லாம் சாக்குல கட்டி எடுத்துட்டு வந்துருங்க. 2019ல இருந்தே தமிழ்நாட்டுல ஒரு தடவை தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குக்கு தடை, ஆனாலும் மறுநாள் படித்துறையை பாத்தா வயிறு எரியும், கப்பும் கவரும் பழைய துணியும் மிதக்கும். சீர் கொண்டு வந்த இடத்துல குப்பையை விட்டுட்டு போகலாமா? பழைய துணியை ஆத்துல விடுற பழக்கத்தை தயவுசெஞ்சு நிறுத்துங்க, குளிக்குறவங்க கால்ல சுத்துது. எண்ணெய்ப் பாத்திரத்தை சோப்பு போட்டு ஆத்துல கழுவாதீங்க, வீட்டுக்கு வந்து கழுவிக்கலாம்.

ஆறு பக்கத்துல இல்லாதவங்க மொட்டை மாடியில பண்ணுங்க, ஒரு சொம்புல தண்ணி வெச்சு மஞ்சள் போட்டு அதையே காவிரியா நினைச்சு கும்பிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பாயை விரிச்சு உக்காந்துருங்க. காலைல சமைச்சு ஆறவிட்டு கட்டி வெச்சு சாயங்காலம் அவிழ்த்தா அதுவும் கட்டுசாதம்தான். ஆனா அதுக்கு தேங்காய் சாதத்தை விட்டுருங்க, அவ்வளவு நேரம் தாங்காது.

மிச்சம் இருந்தா தயிர் சாதத்தையும் எலுமிச்சை சாதத்தையும் ராத்திரியே முடிச்சுருங்க. புளி சாதம் கொஞ்சம் மிஞ்சினா வீட்டுக்கு வந்த உடனே ஒரு டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜுல வெச்சு, காலைல இரும்புச் சட்டியில நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அடி லேசா முறுகுற வரைக்கும் சூடு பண்ணி சாப்பிடுங்க, எங்க வீட்ல அதுக்கு இன்னும் சண்டை நடக்கும்.